வருகையைப் பட்டிமன்றத்தில் வைத்தோம்

போன மாதம் தேனியில் நடந்த இளம் சபை ஊழியர் கூடுகைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற உபதேசியார் என்ன பேசவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சைக்கிள் மிதித்தேன், மழையில் நனைந்தேன், ஒரு வேளை சாப்பாட்டோடு ஜெபக்கூட்டம் நடத்தினேன் என்று சொல்லவேண்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு பிரியாணி. நானும் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் கேள்வி நேரத்தில் ஒரு தம்பி எழுந்தார்.

"ஐயா, எங்க வாட்ஸப் குரூப்புல ஒரு மாசமா சண்ட ஓயல. கடைசிக் காலத்தப் பத்துன தீர்க்கதரிசனமெல்லாம் அப்பவே நிறைவேறிருச்சுன்னு பாதிப் பேரு. இல்ல, இனிமேத்தான்னு பாதிப் பேரு. சில பேரு குரூப்ப விட்டே போயிட்டாக. நீங்க அனுபவஸ்தரு. ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மைக்கைக் கீழே வைத்தேன். "பிரியாணி ஆறிப்போகும் தம்பி" என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பிக்கு அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

உபதேசியார் என்றால் என்னவென்று இப்போது பல பேருக்குத் தெரிவதில்லை. ஒரு சேகரத்தில் பல கிராமத்துச் சபைகள் இருக்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஐயர். எங்கள் பக்கத்துச் சீர்திருத்த சபைகளில் போதகரைத்தான் ஐயர் என்போம். அவர் அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்து கொடுக்க எப்போதாவதுதான் வரமுடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, வீடு சந்திப்பது, கோவில் மணி அடிப்பது, சண்டையில் நடுவே நிற்பது, செத்தால் குழி பார்ப்பது, எல்லாம் உபதேசியார் வேலை. மதுரையில் வேதாகமப் பள்ளியில் படித்தேன். அங்கே கற்றதில் ஆர்மோனியம் மட்டும்தான் உருப்படியாக மிஞ்சியது. மிச்சத்தையெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கு கற்றுக்கொடுத்தது.

நான் அதிக காலம் இருந்தது உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் வரும் ஒரு சிற்றூரில். பெயர் வேண்டாம்; இதில் வருகிறவர்களின் சொந்தபந்தங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். திராட்சைப் பந்தலும் தென்னையும் வாய்க்கால் தண்ணீரும் உள்ள ஊர். சபை சின்னதுதான், வாய் பெரியது. ராயப்பன்பட்டியிலிருந்து பெண் எடுத்த வகையில் எங்களுக்குக் கத்தோலிக்கச் சம்பந்தி வீடுகள் உண்டு. "ஒங்காளுகளுக்குப் பூசைய விட வாதம்தான்யா புடிக்குது" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தச் சபையின் மூப்பர் இஸ்ரவேல். திராட்சை விவசாயி, நெடிய ஆள். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை இன்றைக்கா நாளைக்கா என்று காத்திருந்தவர். காலையில் பேப்பர் வந்ததும் ஒரு கையில் பேப்பர், மறு கையில் வேதம். எங்கோ பூமி அதிர்ந்தால், கடைசிக் கால அடையாளங்களைச் சொல்லும் மத்தேயு இருபத்துநாலாம் அதிகாரம். எங்கோ சண்டை மூண்டால் அதே அதிகாரம். ஆதார் அட்டைக்குக் கைரேகை எடுக்க ஆள் வந்தபோது, அது வெளிப்படுத்தின விசேஷத்தில் சாத்தானுடைய ஆட்களுக்குக் குத்தப்படும் மிருகத்தின் முத்திரை என்று தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். கடைசியில் கேஸ் சிலிண்டர் வராதோ என்று அவர் மனைவி பயந்ததால், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து விரலை வைத்தார். "ஆண்டவரு மன்னிப்பாரா உபதேசியாரே?" என்று என்னிடம் கேட்டார். "சிலிண்டருக்காகன்னு சொன்னா மன்னிப்பாரு" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவர் மனைவி ரூத்தம்மாள். நான் ரூத்தக்கா என்பேன். அவர்களுக்கு ஒரே மகன், தானியேல். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்து செத்தான். அவனை அடக்கம் செய்தது நான் அந்த ஊருக்கு வந்த புதிதில். மூப்பர் வருகையை அப்படித் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று ஊரில் சொல்வார்கள். அக்கா எதையும் தேடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊருக்கு மேற்கே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். மகனுடைய சிலுவையை முந்தானையால் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்கு நம்பர் கிடையாது. யாருக்கு எந்த இடம் என்பது உபதேசியார் மனசில்தான் இருக்கும். தாய் பக்கத்தில் வேண்டும், அண்ணன் காலடியில் வேண்டாம் என்று உயிரோடிருக்கும்போதே வந்து சொல்லிவைப்பார்கள். "தம்பி, எம்பிள்ளைக்கு எடப்பக்கம் எனக்கு" என்று அக்கா சொல்லிவைத்திருந்தார். எத்தனையோ பேர் அந்த இடத்தைக் கேட்டு என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அங்கே பாறை, குழி இறங்காது என்று சொல்லியே காப்பாற்றி வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆசீர்வாதம் ஐயர் சேகரத்துக்கு மாற்றலாகி வந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ ஐயர்மாரைப் பார்த்திருக்கிறேன். சத்தம் போடுகிறவர், சாப்பாட்டுக்கு அலைகிறவர், பிஷப் வீட்டு வாசலிலேயே கிடக்கிறவர். இவர் வேறு மாதிரி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எந்தச் சந்தேகத்தோடு வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வேதத்தை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து, "நீங்களே வாசிங்க" என்பார். வாசித்ததும், "இதுக்கு முந்தின வசனம்?" என்பார். பிறகு அதற்கும் முந்தினது. ஒரு வசனத்துக்கு விடை தேடி வந்தவர் ஒரு அதிகாரத்தை முடித்துவிட்டுத்தான் போகமுடியும். எதையும் பாதியில் சொல்லமாட்டார். கல்யாணத்துக்குத் தேதி கேட்டால்கூட முதலில் கல்யாணம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

மத்தேயு இருபத்துநாலைப் பற்றி அவர் எண்ணம் மூப்பருக்கு நேர் எதிர். இந்தச் சந்ததி கடந்துபோவதற்குள் இவையெல்லாம் நடக்கும் என்று ஆண்டவர் சொன்னார், சொன்னபடியே அந்தச் சந்ததிக்குள் ரோமர்கள் வந்து எருசலேம் தேவாலயத்தை இடித்துப்போட்டார்கள், ஆகவே அந்த அதிகாரத்தில் உள்ள போரும் பஞ்சமும் உபத்திரவமும் அப்போதே நிறைவேறிவிட்டன என்பார். மரித்தோர் எழுந்திருப்பதும் கடைசி நியாயத்தீர்ப்பும் மட்டும் பாக்கி. அவரும் மூப்பரும் கோவில் வராந்தாவில் உட்கார்ந்து இதை மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன். அப்போதெல்லாம் அது சண்டை இல்லை. "ஐயரே, ஒங்க கணக்குப்படி பாத்தா நான் வாங்குற பேப்பரு தண்டம்" என்று மூப்பரே சிரிப்பார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் மேடையேற்றாவிட்டால் தூக்கம் வராது. அறுப்பின் பண்டிகைக்கு வருஷாவருஷம் பட்டிமன்றம் உண்டு. குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று பேசிப் பேசி எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது. அந்த வருஷம் வாலிபர் சங்கத்தார், "தீர்க்கதரிசனங்கள் நிறைவேறிவிட்டனவா, இனிமேல்தான் நிறைவேறுமா?" என்று தலைப்பு வைத்தார்கள். இனிமேல்தான் என்ற அணிக்குத் தலைவர் இஸ்ரவேல் மூப்பர். எதிரணியில் கம்பத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். நடுவர் ஆசீர்வாதம் ஐயர்.

காணிக்கையாக வந்த வாழைத்தாரும் திராட்சைக் கூடையும் சேவலும் ஏலம் போன பிறகு பட்டிமன்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் பிரமாதமாகப் பேசினார்கள். மூப்பர் கிழக்கே கையை நீட்டி, "இந்தா, இந்த மேகமலைக்கு மேலதான் ஆண்டவரு வந்து எறங்கப்போறாரு" என்றபோது கூட்டமே திரும்பி மலையைப் பார்த்தது. பட்டிமன்ற நடுவர் செய்யவேண்டியது என்ன? இருபுறமும் சரி என்று இழுத்து, சிரிக்க வைத்து, எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பவேண்டும். ஐயருக்கு அது தெரியாது. தீர்ப்பு என்று கேட்டார்கள், உண்மை என்று நம்பியதைச் சொன்னார். "நிறைவேறிவிட்டன என்பதே என் தீர்ப்பு" என்று சொல்லி ஒரு மூச்சு விட்டார். அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் வாலிபப் பிள்ளைகள் விசில் அடித்துவிட்டார்கள். யாரோ ஒருவன் சரவெடி கொளுத்திவிட்டான். "மூப்பரே, இனிமே பேப்பர் காசு மிச்சம்!" என்று ஒரு குரல். மரித்தோர் எழுந்திருப்பதைப் பற்றி ஐயர் தொடர்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வாய்க்கால் பாலத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா எம்மகன் எங்கன இருக்கான் உபதேசியாரே?"

"ஐயர் அப்படிச் சொல்லல மூப்பரே. எந்திரிக்கிறது இன்னும் இருக்குன்னுதான்..."

"வெடி போட்டாகல்ல? எதுக்குப் போட்டாக? எம்மகன் வரமாட்டான்னு போட்டாகளா?"

அடுத்த ஞாயிறு அவர் கோவிலுக்கு வரவில்லை. அடுத்த மாதம், சின்னமனூரில் உரக்கடை மாடியில் கூடும் ஒரு புதுச் சபையில் சேர்ந்துவிட்டார். அவரோடு சில குடும்பங்களும் போயின. அக்காவும் கணவரோடு போனார். திரும்பும் வழியில் மட்டும் பஸ்ஸை விட்டு முன்னாலேயே இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நான் வேலிக்கதவைப் பூட்டாமல் விட்டுவைப்பேன்.

வருஷம் ஓடியது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தேனியில் பார்த்து, மதுரையில் பார்த்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது மூப்பர் தோட்டத்தில் இருந்தார். அக்கா கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தார்.

"தம்பி, என் எடம் இருக்கா?"

"இருக்குக்கா. பாறைன்னு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே பாறைன்னு நெனப்பு வந்துருச்சு."

சிரித்தார். பிறகு சொன்னார்: "இவுகளும் ஐயரும் ஆண்டவரு எப்ப வருவாருன்னு சண்ட போட்டுக்கிட்டாக. எனக்கு எப்ப வந்தாலும் சரிதான். எந்திரிக்கிறப்ப பக்கத்துல எம்பிள்ள இருக்கணும். அம்புட்டுத்தான். நீ பாத்துக்கிருவியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் அது என் கையில் மட்டும் இல்லை. சபையை விட்டுப் போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று எங்கள் கமிட்டியில் ஒரு தீர்மானம் உண்டு. உயிரோடிருக்கும்போது வேறு சபை, செத்தால் மட்டும் இங்கேயா என்று கேட்டு அதைக் கொண்டுவந்தவர் வேறு யாரும் இல்லை, இஸ்ரவேல் மூப்பரேதான்.

நான் ஐயரிடம் போனேன். அவர் உடனே கமிட்டியைக் கூட்டினார். யாருக்கும் கல்மனசு இல்லை. மன்னிப்பு வேண்டாம், எழுதித் தரவும் வேண்டாம், மூப்பர் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், மறுபடி நம் சபையார்தான் என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலுக்கடியில் கொடி கட்டிக்கொண்டிருந்த மூப்பர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வாறேன். ஐயரு பிரசங்க பீடத்துல நின்னு, மரிச்சவுக எந்திரிப்பாகன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். மைக்குல சொல்லட்டும். அது போதும்."

இவ்வளவுதானா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐயரிடம் சொன்னேன். "அதை நான் எப்போ மறுத்தேன்? தாராளமா சொல்றேன்" என்றார். "அத மட்டும் சொல்லுங்கய்யா, எடுத்த எடுப்புல சொல்லிருங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மட்டும்னா எப்படி உபதேசியாரே? அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு ஆயிடுமே. முறையா ஆரம்பிச்சு அதுல போய் முடிக்கிறேன். முடிவுதானே மனசுல நிக்கும்?" என்றார். அவரிடம் அதற்கு மேல் வாதாட முடியாது.

அந்த ஞாயிறு மூப்பர் வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே புங்கமரத்தடியில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். நான் வாசல் பக்கம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் எருசலேமில் தொடங்கினார். தேவாலயத்தின் கல், ரோமர் முற்றுகை, அந்தச் சந்ததி. ஒவ்வொன்றாக, பொறுமையாக, வசனத்தோடு. நான் இருமினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எதுவும் அவர் கண்ணில் படவில்லை. "ஆகவே அந்த அதிகாரம் நிறைவேறிவிட்டது" என்று வந்தபோது மூப்பர் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஐயர் உயிர்த்தெழுதலுக்கு வந்தார். என் காலத்தில் நான் கேட்ட பிரசங்கங்களில் அதற்கு ஈடு கிடையாது. பெண்கள் அழுதார்கள். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாய்மாரைப் பற்றிப் பேசினார், பெயர் சொல்லாமல். யார் கேட்கவேண்டுமோ அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியிருப்பார். ஆராதனை முடிந்து நான் விஷயத்தைச் சொன்னதும் ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவரே மூப்பர் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்கா இறந்துபோனார். ஐயர் கமிட்டியாரை ஒவ்வொருவராக போனில் பிடித்து, எந்த நிபந்தனையும் இல்லாமல் குழி திறக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். நான்தான் செய்தியோடு போனேன். மூப்பர் தலையாட்டி மறுத்தார். "நான் போட்ட சட்டம் உபதேசியாரே. ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? எந்தோட்டத்துல வச்சுக்கிர்றேன்" என்றார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அசையவில்லை.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும். அதைவிட அதிகமாகப் பிரியமும் உண்டு. இரண்டு பேருக்கும் பொய் சொல்ல வராது, வளையவும் வராது. யாராவது ஒருவருக்குக் கொஞ்சம் வந்திருந்தால் அக்கா கேட்ட இடத்தில் படுத்திருப்பார்.

மூப்பர் தோட்டத்தில் கூட்டம் அதிகம் இல்லை. மாடிச் சபையின் பாஸ்டர், சின்ன வயசுக்காரர், ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தார். பழக்கதோஷம், நான் குழியைப் பார்த்தேன். எங்களில் கால் கிழக்கே இருக்கும்படிதான் வைப்போம். ஆண்டவர் கிழக்கே தோன்றுவார், எழுந்து உட்காரும்போது முகம் அவரைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது வழக்கம். அங்கே குழியின் தலைமாடு கிழக்கே இருந்தது. எங்கள் ஊரில் எப்போதும் குழி வெட்டும் முத்துதான் இதையும் வெட்டியிருந்தான்.

"ஏலே, தலமாடு மாறிப்போச்சே! இத்தன வருசமா வெட்டுற ஆளு."

"மூப்பருதான்யா இப்பிடி வெட்டச் சொன்னாக."

மூப்பரிடம் போனேன். கேட்பதற்குள் அவரே சொன்னார். "அங்கன எடமில்லன்னு ஆனதும் அவளே சொன்னது. கெழக்க பாத்து எந்திரிச்சா ஆண்டவரயே பாத்துக்கிட்டு நின்னுருவேன், பின்னால எம்பிள்ள ஆத்தாளத் தேடுவான்னா. அவன் மேக்கல்ல கெடக்கான்? அவனப் பாத்து வைங்க, ஆண்டவரு கோவிச்சுக்கிற மாட்டாருன்னா."

வருகையைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் வாழ்ந்த மனுஷன், அந்த வருகைக்கு முதுகைக் காட்டித் தன் பெண்டாட்டியைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

மண் போடும் நேரத்தில் மோட்டார் ரூம் ஓரமாக ஐயர் நிற்பதைப் பார்த்தேன். அங்கி இல்லை, கையில் வேதம் இல்லை. எப்போது வந்தார் என்று தெரியாது. யாரும் கூப்பிடாததால் அங்கேயே நின்றிருந்தார். மூப்பரும் அவரைப் பார்த்துவிட்டார். ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் நடுவே போவதற்குள், மூப்பர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, நேராக அவரிடம் போய்க் கையில் வைத்தார்.

"ஐயரே, அன்னைக்கு நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். மிச்சம் என்ன சொன்னீக?"

ஐயர் அந்த மண்ணை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். அவர் எதையும் முதலிலிருந்து தொடங்காமல் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மரிச்சவங்க எந்திரிப்பாங்கன்னு சொன்னேன் மூப்பரே."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

மூப்பர் குழியைப் பார்த்தார். மேற்கே, தென்னைகளுக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் பார்த்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தா, இவ அங்கன படுத்திருப்பாளே ஐயரே."